மயிலின் கழுத்து

பாலவனத்தத்தில் பொங்கல் திருவிழாவுக்கு மயில் விளக்கு வைக்க மச்சான் ஒப்புக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரரான அவருக்கு அருப்புக்கோட்டையில் மைக்செட், சீரியல் லைட் கடை. பெரிய பலகை முழுக்கச் சின்னச் சின்ன பல்புகள். எது எப்போது என்ன நிறத்தில் எரியவேண்டும் என்று சொல்லும் புரோகிராமை நான் எழுதியிருந்தேன். மயிலை அவர் சொல்லச் சொல்ல என் லேப்டாப்பில் புள்ளி புள்ளியாக வைத்தோம்.

திருவிழாவன்று காலையில் லேப்டாப் உயிரை விட்டது. புரோகிராமுக்கு இணையத்தில் நகல் இருந்தது. மயிலுக்கு இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோதனை ஓட்டத்தின்போது ஒவ்வொரு பல்பின் இடத்தையும் நிறத்தையும் நாங்கள் படித்துப் பார்ப்பதற்காகத் திரையில் எழுத்துப் பட்டியலாக வரவைத்திருந்தேன். அதை மச்சானுக்கு வாட்ஸப்பிலும் அனுப்பியிருந்தேன்.

"அழிச்சுட்டீகளா மச்சான்?"

"நான் எதை மாப்ள அழிச்சேன்? காலை வணக்கம் படமெல்லாம்கூட அப்படியே கெடக்கு."

கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அந்த எழுத்துகள் மனிதர் படிக்க வந்தவை. புரோகிராமுக்கு அப்படியே கொடுத்தால் விழுங்காது. அடைப்புக்குறிகளையும் வார்த்தைகளையும் கழித்து, எண்களைப் பொறுக்கி, 'பச்சை', 'நீலம்' என்பவற்றை மறுபடி நிறக் குறியீடாக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதி ஓட்டினேன். திரையில் மயில் வந்தது, தலைகீழாக.

"வவ்வாலு மாதிரில்ல தொங்குது!" மச்சானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வரிசையைத் திருப்பிப் போட்டேன். தோகை வந்தது, கால் வந்தது. நடுவில் மட்டும் ஓட்டை. பட்டியல் நீளமாக இருந்தால் முதலையும் கடைசியையும் மட்டும் காட்டி, இடையில் மூன்று புள்ளி வைத்துவிடும் புரோகிராம். கழுத்து அந்த மூன்று புள்ளிக்குள் போய்விட்டது.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "கழுத்த நான் சொல்றேன், நீ வையி. நம்ம கடலைக் காட்டுல தெனம் வந்து நிக்கிதுகளே, நான் பாக்காததா? வெரட்டப் போனா இப்பிடித் திரும்பிப் பாக்கும்."

பழைய கழுத்து கம்பு மாதிரி விறைத்து நின்றது. அக்கா சொன்னது வளைந்தது, திரும்பியது, முறைத்தது.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டோம். தோகை ஒவ்வொரு இறகாக விரிந்து, மயில் மெல்லத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தது. விசில் பறந்தது.

பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார்: "மதுரை செட்டா தம்பி?"

"அருப்புக்கோட்டைண்ணே," என்ற மச்சான் அக்காவைக் காட்டினார். "கழுத்து இவுக போட்டது."

அக்காவுக்கு வெட்கம் தாங்கவில்லை. என் கையைக் கிள்ளி, "இன்னொருக்கா ஓட்டுறா, நல்லாப் பாத்துக்கிறேன்," என்றாள்.