நான் எறிந்த கல்

பஸ் நிற்காமல் போன ஒரு காலையில், எஸ்டேட் வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காட்டெருமை முட்டித் தூக்கி எறிந்தது. காப்பிச் செடிகளுக்குள் அது நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. அவள் விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. தொடை எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். படிப்பு அன்றோடு போனது.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "இனி ஒரு நாளு பஸ் நிக்காமப் போச்சுன்னா அன்னியோட சரி கண்ணு. கூடையத் தூக்கிட்டு எங்கூடப் பழம் பறிக்க வந்துரு" என்றார். அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. நான் அப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்.

கொட்டச்சேட்டுக்குப் போகும் ரோட்டில் ஒரு திருப்பத்தில்தான் எங்கள் எஸ்டேட் லைன், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். சீருடை போட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்பதால், எங்களைக் கண்டதும் டிரைவர் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவார். கண்டக்டர் ஜன்னலில் சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பொதுவாகவே எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

சனிக்கிழமைகளில் ஏற்காட்டின் பெரிய விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று பேர் எங்கள் லைனுக்கு வந்து கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தருவார்கள். ஒரு நேபாளப் பெண், ஒரு கொரியப் பெண், தெற்கு சூடானிலிருந்து வந்த ஒரு பையன். கிட்டத்தட்ட என் வயதுதான். ஒரு பிள்ளைகூடப் படிக்காமல் நிற்கக் கூடாது என்பதில் மூவருக்கும் அப்படி ஒரு பிடிவாதம். பையன் விடுதிச் சமையல்காரரிடம் தமிழ் கற்றவன். குரைக்கிற நாயிடம்கூட "போங்க, போங்க" என்பான். லைனே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு நாள் தன் ஊரைப் பற்றிச் சொன்னான். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸே கிடையாதாம். நடந்து போகிற வழியில்தான் அவன் அண்ணனைச் சுட்டார்களாம். உதவித்தொகை கிடைத்ததால்தான் இங்கே வந்து படிக்கிறான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அப்பா சொன்னதை அவர்களிடம் சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை மலையெல்லாம் மூட்டம். விடுதியில் யாருக்கும் சொல்லாமல் வந்து, மூவரும் ரோட்டின் குறுக்கே கைகோத்து நின்றார்கள். அப்பாவும் வந்திருந்தார், கையில் கூடையோடு. பஸ் போய்விட்டால் என்னை அங்கிருந்தே தோட்டத்துக்கு அழைத்துப் போக.

மூட்டத்துக்குள்ளிருந்து வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. முன்பக்கம் இடித்துக் கொரியப் பெண் விழுந்தாள். கண்டக்டர் குதித்து இறங்கினார்.

"ஏனுங்க, புள்ளைங்கள ஏத்திக்கோங்க" என்றான் பையன்.

பளாரென்று அறை விழுந்தது. அவன் உதடு கிழிந்தது. பயணிகளில் இரண்டு பேர் இறங்கி வந்து அவனைக் கீழே தள்ளி வயிற்றிலேயே மிதித்தார்கள். நேபாளப் பெண் பாய்ந்து கண்டக்டரின் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் அவள் முடியைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸின் பக்கத்தகரத்தில் தலையை மோதினார். ரோட்டோரத்துக்கு அவர்களை இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். பஸ் நகரத் தொடங்கியது. நாங்கள் கீழேதான் நின்றோம். அப்பா கூடையைத் தோளில் மாட்டினார்.

நான் கல்லை எடுத்தேன். முன்கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. டிரைவரின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

"எவன்டா எறிஞ்சது?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் மறுபடியும் இறங்கினார்.

கீழே கிடந்தவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தான். "நான்தானுங்க" என்றான்.

"இல்ல, நானு! நாந்தான் எறிஞ்சேன்!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு கண்ணு" என்றார் கண்டக்டர். இத்தனை நாள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவருக்கு அன்று நான் கண்ணு! மறுபடியும் அவனைத்தான் அடித்தார்கள். போலீஸ் வந்ததும் அவர்களிடம் சொன்னேன். மறுநாள் அவன் பள்ளி வாசலில் நின்று தொண்டை கிழியச் சொன்னேன். வாட்ச்மேன் கையைப் பிடித்து வெளியே தள்ளினார். வெளிநாட்டுக் கறுப்புப் பையன் கல் எறிவான், லைன் வீட்டுப் பெண் எறிய மாட்டாள் என்று எல்லோரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். என் கல்லைக்கூட என்னுடையது என்று சொல்ல விடவில்லை.

அன்று போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவனிடம் கேட்டேன். "உங்க அப்பா கூடை வெச்சிருந்தாருங்க" என்றான்.

பணம் கட்டிப் படித்த இரண்டு பெண்களும் மன்னிப்புக் கேட்டதோடு தப்பினார்கள். அவனுக்கு உதவித்தொகையை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் பெரிதானதால் அடுத்த வாரத்திலிருந்து பஸ் தினமும் நின்று எங்களை ஏற்றிக்கொண்டது. அப்பா கூடையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. பொதுத்தேர்வு நெருங்கிய ஒரு காலையில் நேபாளப் பெண் திருப்பத்தில் எனக்காகக் காத்திருந்தாள்.

"அவன் மறுபடி நடந்துதான் போறானாம்" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கா?"

"இல்ல. செங்கல் சுமக்க."

அதற்குள் பஸ் வந்து நின்றது. கதவைப் பிடித்திருந்த கண்டக்டரின் மணிக்கட்டில் அவள் பல் தடம் இன்னும் மறையவில்லை. "ஏறு சாமி, நேரமாச்சு" என்றார். இன்னொரு கல்லை எடுக்கக் கை பரபரத்தது. புத்தகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.