ஜெபராஜ் அண்ணாச்சி சொன்ன கோள்

ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு, டயாலிசிஸுக்குப் புறப்பட உட்கார்ந்திருந்தபோது ஜெபராஜ் அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா போன் செய்தார். "தம்பி, அவர் போயிட்டார். தூக்கத்திலேயே." பிறகு, "வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்திருந்தார்" என்றார். இரண்டாவது செய்தி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

டெல்லி கிட்வாய் நகர்க்காரர்களுக்கு ஜெபராஜ் அண்ணாச்சி கறாரான சர்க்கார் அதிகாரி. மயூர் விஹார்க்காரர்களுக்கு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தவர். எனக்கு, வாரம் மூன்று முறை பக்கத்து நாற்காலியில் கையில் ஊசியோடு கிடந்தவர். வம்பு பேசும் இருவரை மெஷினோடு கட்டிப்போட்டால் என்ன ஆகும்? காலனியில் ஒரு குடும்பமும் தப்பவில்லை. "ரத்தத்தச் சுத்தம் பண்ணுத நேரத்துல வாய அழுக்காக்கிக்கிடணும்வே. அப்பதான் பேலன்ஸ்" என்பார்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டரம்மா வந்து "சப் டீக்?" என்றால், அத்தனை பேரும் நலம் என்று தலையாட்டுவோம். குறை சொன்னால் டெஸ்ட் எழுதுவார். டெஸ்ட் என்றால் இன்னொரு நாளும் ஆஸ்பத்திரி. எனக்கோ முழங்காலும் முதுகும் எலும்புக்குள் ஆணி அடித்த மாதிரி வலித்தன. அதைவிட மோசம், எதிலும் மனசு ஒட்டவில்லை. பல் தேய்ப்பதுகூட எதற்கு என்றிருந்தது. நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் போய் மனச்சோர்வு என்று சொல்வதா? என் கட்டுரைகளைப் படித்தவர்கள் ஏற்கெனவே சந்தேகப்பட்டிருப்பார்கள், அது வேறு.

ஒரு நாள் வழக்கம்போல டாக்டரம்மாவிடம் "ஏக்தம் படியா", அதாவது பிரமாதம், என்றேன். பக்கத்திலிருந்து "ஜூட்!" என்று ஒரு கத்தல். பொய்யாம். திருநெல்வேலியில் விளைந்த இந்தியில் அண்ணாச்சி ஒப்பித்துவிட்டார்: இந்த ஆளால் கைப்பிடி இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லை, பல வாரமாக யாரைப் பற்றியும் வம்பு பேசவில்லை, போன முறை, இனிமேல் மெஷினுக்கு வராமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டார்.

"மானத்த வாங்கிட்டீங்களே அண்ணாச்சி!"

"மானத்த வச்சு நாக்கு வழிக்கவா? உம்ம வலிய நீரு சொல்ல மாட்டீரு. நா சொல்லுதேன். என் வலிய நீரு சொல்லும். அடுத்தவன் கதையச் சொல்லுததுலதான் நாம கெட்டிக்காரனுவளாச்சே!"

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலியும் சோர்வும் ஒன்றுக்கொன்று தீனி போடும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். உடற்பயிற்சி, மருந்து, மனநல மருத்துவர் என்று மாதங்கள் ஓடின. ஒரு நாள் சாப்பிடும்போது, எங்கள் பிளாட் செக்ரட்டரி தலைக்கு டை அடிக்கும் ரகசியத்தைச் சொன்னேன். என் மனைவி ஆனந்தத்தில் அழுதாள்.

அடுத்தது என் முறை. அண்ணாச்சிக்கு வலது தோள். படுத்தால் உயிர் போகும். ஆண்டுக்கணக்காக சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டு, கிரிக்கெட் பார்த்தேன் என்று கதை விடுவார். வார்டே கேட்க அதைப் போட்டு உடைத்தேன். சுருதி ஏறி, அவர் திருட்டுத்தனமாகத் தின்ற மாங்காய் ஊறுகாயையும் சேர்த்துவிட்டேன்.

"அடப்பாவி, தோளச் சொல்லச் சொன்னா ஊறுகாயையும் சொல்லிட்டீரே!"

ஆனால் தோளுக்கு வைத்தியம் நடந்தது. போன குளிர்காலத்தில் ஒரு காலை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தார். "நேத்து கட்டில்ல படுத்தேன்வே. எஸ்தர் குறட்டைய எத்தன வருசம் கழிச்சுப் பக்கத்துல கேக்கேன் தெரியுமா?" வலது பக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை என்றார். கடைசியில் அதுவும் முடிந்திருக்கிறது.

அடக்கம் முடிந்து மறுபடி வார்டுக்குப் போனேன். பக்கத்து நாற்காலி காலி. டாக்டரம்மா "சப் டீக்?" என்றார். "ஏக்தம் படியா" நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜூட் என்று கத்த ஆளில்லை. அவர் எனக்கு விட்டுப்போன வேலை அது ஒன்றுதான்.

"இந்த நாற்காலியில ஒரு ஆள் இருக்கார் மேடம்" என்று என் நாற்காலிக் கையைத் தட்டி இந்தியில் ஆரம்பித்தேன். "சரியாச் சாப்பிடல, தூங்கல. கேட்டா நல்லாருக்கேன்னு பொய் சொல்லுவார், நம்பாதீங்க."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார்.