ஓடினால் கரையும் என்றார் டாக்டர்

என் கணவர் சிங்கப்பூரில், செம்பவாங்கில் உள்ள ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். சென்ற ஆண்டு அவருடைய மார்பு பெண்களுக்குப் போல வீங்கி வலித்தது. சட்டை மாற்றும்போது உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்ததால், வீட்டில்கூடச் சட்டையைக் கழற்றாமல் இருந்தார்.

நான்தான் வற்புறுத்திப் பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கொழுப்புதான் லா. தினமும் ஓடுங்க, கரைஞ்சிடும்" என்று சிரித்தார்.

"இவரு இளைச்சுக்கிட்டே வர்றாரு டாக்டர். பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. கொழுப்பு எங்கேருந்து வரும்?" என்று கேட்டேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இவரும் அவர் பேச்சை நம்பி ஓடினார். ஒருநாள் காலை, நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக் கீழேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயம் தாறுமாறாக அடித்தது. ஆம்புலன்சில் மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் கைகளை நீட்டச் சொன்னார், விரல்கள் நடுங்கின. கழுத்தைத் தடவிப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது.

"மார்பு வீக்கமும் அதனாலதான். இந்த நிலைமையில யாரு ஓடச் சொன்னது?" என்று கேட்டார்.

மாத்திரையில் படபடப்பு அடங்கியது. சில மாதங்களில் வீக்கமும் குறைந்தது. என் ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. கேலி செய்தவர்களுக்கு விவரம் தெரியாது, டாக்டருக்குமா தெரியாது?

இப்போது வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் நானும் கூடவே டாக்டர் அறைக்குள் போகிறேன். பரிசோதிக்காமல் அனுப்பப் பார்த்தால், நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.