கயிற்றின் கடைசிக் கிளிப்

அந்தக் கயிற்றைக் கட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பங்கில் இன்றைக்கும் அதைச் ‘செபமாலை அண்ணையின் கயிறு’ என்றுதான் சொல்கிறார்கள். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோவிலின் நிலவறைக் குசினியை இந்த வசந்தத்தில் இடித்துத் திருத்தப் போகிறார்கள். சாமான்களை அப்புறப்படுத்தப் போனவள் நான். கயிற்றை அவிழ்த்தபோது அதிலிருந்த கிளிப்புகளின் வரிசை இரண்டு வருசமாக மாறாமல் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பூசை முடிந்து சனம் தேத்தண்ணி குடித்த பிறகு, கோப்பை துடைத்த துணிகளைக் காயப்போட அங்கே இடமில்லை. சுவருக்குச் சுவர் ஒரு நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டி, டொலர் கடையில் வாங்கிய மரக் கிளிப்புகளை அதில் கொளுவி வைத்தேன். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் என் துணிகள் கதிரைகளில் கிடக்கின்றன. கயிற்றில் எட்டுக் கிளிப்புகள் மட்டும் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நகப்பூச்சால் ஒரு நிறம் அடித்திருந்தது. பக்கத்தில் செபமாலை அண்ணை, இடுப்பில் கை வைத்தபடி.

“இதென்ன அண்ணை?”

“புட்போல் கோச்மார். இந்தக் கரையில நிக்கிறவன் முதலாவது. அந்தத் தொங்கலில நிக்கிறவன் கடைசி.”

“அப்ப என்ர துணி?”

“துணி கதிரையிலயும் காயும் பிள்ளை.”

இனி உங்களுக்கு என் கையால் தேத்தண்ணி கிடையாது என்று அன்றைக்கே சொன்னேன். பதினேழு வருசம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். அவரும் ஒரு ஞாயிறுகூடக் கேட்கவில்லை, தானே ஊற்றிக் குடித்தார். அவருக்கும் ரோசம், எனக்கும் ரோசம்.

செபமாலை அண்ணை மன்னார்க்காரர். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கியவர். அவருக்கு உதைபந்தென்றால் உயிர். மகன் றொக்சன் கொலேஜில் ‘புட்போல்’ விளையாடுகிறான் என்று கேள்விப்பட்டு, உருண்டைப் பந்து என்று நினைத்துச் சந்தோசமாகப் போனார். போய்ப் பார்த்தால் பந்து மாங்கொட்டை மாதிரி இருக்கிறது, பெடியன்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், ஆளை ஆள் விழுத்துகிறார்கள். பிறகு பக்கத்திலிருந்த ஹெயிற்றிக்காரத் தகப்பனிடம், அவருக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் கேட்டுக் கேட்டு விதி படித்தார்.

படித்ததில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. இங்கே பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னேற மூன்று தரம் விடுவார்கள். இரண்டு தரமும் சரிவராவிட்டால் மூன்றாம் தரத்தில் கோச் முடிவெடுக்க வேண்டும். பந்தை மற்றப் பக்கத்துக்குத் தூர உதைத்துவிட்டுப் பயமில்லாமல் இருக்கலாம். அல்லது துணிந்து ஓடலாம். தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிராளிக்குப் போய்விடும். செபமாலை அண்ணை கோச்மாரை அளந்த கோல் அதுதான்.

“எங்கட ஊரில உதைக்கிறவன்தான் வீரன். இஞ்ச உதைக்கிறவன் கோழை. வேற ஒண்டும் பாக்கத் தேவையில்லை,” என்பார்.

எட்டுக் கொலேஜ்கள் சேர்ந்த லீக். பிரெஞ்சுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாதபடியால் சட்டை நிறத்தால் சொல்வோம்: பச்சை, ஊதா, மஞ்சள். சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு பூசை, பூசை முடிந்ததும் கயிறு. சுவாமியாரின் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் பின்வரிசை வாங்குகளில் மணிக்கூடு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ராக்சிக் கார் ஓட்டும் ஜெராட்டுக்குக் கணக்கு ஒன்றுதான், வென்றவன் நல்லவன், தோற்றவன் கூடாதவன். சண்முகலிங்கம் சைவக்காரர், பூசைக்கு வரமாட்டார், பூசை முடிகிற நேரம் பார்த்துப் பின்கதவால் நேரே குசினிக்கு வருவார். கையில் இன்ரநெற்றில் எடுத்த புள்ளி அட்டவணை இருக்கும். நானும் மெல்ல மெல்ல அதற்குள் விழுந்தேன். கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கிறவள், சத்தம் போடுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெடியன்களைத் திட்டுகிற கோச்சை எவ்வளவு வென்றாலும் கீழே போட வேண்டும் என்று நிற்பேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்போம். கடைசியில் கிளிப்பை நகர்த்துகிற கை செபமாலை அண்ணையின் கைதான். அந்தச் சண்டைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அந்த மாதிரி ஞாயிறுகள் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

கிளிப் அணிக்கு அல்ல, ஆளுக்கு. கோச் மாறினால் பழைய கிளிப் கயிற்றை விட்டு இறங்கும், புதியவனுக்குப் புதுக் கிளிப்.

றொக்சன் விளையாடியது மஞ்சளில். அதன் கோச்சுக்கு நாங்கள் வைத்த பெயர் குடைக்காரன். மழை வந்தால் வாங்கில் இருக்கிற பெடியன்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார், தான் நனைவார். முதல் வருசம் செபமாலை அண்ணை அவரை இரண்டாம் இடத்தில் வைத்திருந்தார். மகனுக்குப் பந்து கொடுக்கிற மனுசன் அல்லவா.

இரண்டாம் வருசம் அரையிறுதி. கடைசி இரண்டு நிமிடம், மஞ்சள் ஒரு புள்ளி பின்னுக்கு, மூன்றாம் தரம், ஒரு யார்தான் வேணும். ஒரு யார் என்றால் றொக்சன் விழுந்தெழும்பினாலே போதும். நாங்கள் எல்லாரும் எழும்பி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினோம். அவன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் குடைக்காரனுக்குப் பக்கத்தில் கரையிலேயே நின்றான். குடைக்காரன் அவனை இறக்கவில்லை. பந்தை உதைக்கச் சொன்னார். பந்து திரும்ப எங்களிடம் வரவேயில்லை, ஆட்டம் முடிந்தது.

அடுத்த நாள் செபமாலை அண்ணை ‘குடை’ என்று எழுதிய அந்தக் கிளிப்பை இரண்டாம் இடத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய் எட்டாம் இடத்தில் குத்தினார்.

“என்ர பிள்ளை பக்கத்தில நிக்கேக்க உதைச்சவன். இவன் கோழை. நான் உயிரோட இருக்குமட்டும் இவன் இந்தத் தொங்கலிலதான்.”

சொன்னபடி செய்தார். றொக்சன் விளையாட்டை விட்டு யூனிவர்சிற்றிக்குப் போன பிறகும், மஞ்சள் ஒரு வருசம் கிண்ணம் எடுத்தபோதும், குடைக்காரன் கடைசியிலேயே தொங்கினார். ஏழு வருசம். எனக்கு அந்த மனுசனைப் பிடிக்கும், இரண்டு தரம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டினேன். பிறகு அவர் ஓய்வு எடுத்தார். கிளிப்பை எறிய மனமில்லாமல் நான் சீனிப் பையின் வாயை மூட எடுத்துக்கொண்டேன்.

காலம் போனது. றொக்சன் உடற்பயிற்சி படித்து, மஞ்சளிலேயே உதவிக் கோச்சாகி, கலியாணம் கட்டி, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினான். இரண்டு வருசத்துக்கு முன் அவனை மஞ்சளின் தலைமைக் கோச் ஆக்கினார்கள். பங்கில் எல்லாருக்கும் பெருமை. ஆனால் எல்லார் மனதிலும் இருந்த கேள்வி ஒன்றுதான்: தகப்பன் மகனைக் கயிற்றில் எங்கே வைக்கப் போகிறார்?

செபமாலை அண்ணை வைக்கவில்லை. புதுக் கிளிப்புக்கு மஞ்சள் பூசினார், காயவிட்டார், சட்டைப்பைக்குள் போட்டார். நாலு கிழமை அது பைக்குள்ளேயே கிடந்தது.

“அண்ணை, பொக்கற்றுக்குள்ள என்ன மட்ச் நடக்குது?” என்று ஜெராட் கேட்டான்.

“ஏழு கிளிப்போட கயிறு இல்லை. ஒண்டில் கொளுவுங்கோ, இல்லாட்டி எல்லாத்தையும் கழட்டுங்கோ,” என்றார் சண்முகலிங்கம், அட்டவணையை ஆட்டியபடி.

“அவன் எனக்கு ஒரு மூண்டாம் தரம் காட்டட்டும். பேந்து கொளுவுறன்,” என்றார் அவர். வாய் அப்படிச் சொன்னாலும் அவர் பயந்தார். மகனை மேலே வைத்தால் சனம் சிரிக்கும். கீழே வைத்தால் மகன் என்ன நினைப்பான்? கொலேஜ் காலம் முழுக்க இந்தக் கயிற்றுக்குக் கீழே நின்று பற்றீஸ் தின்றவன் அவன்.

ஐந்தாம் கிழமை அந்த மூன்றாம் தரம் வந்தது. நானும் அங்கே இருந்தேன். மஞ்சள் இரண்டு புள்ளி பின்னுக்கு, ஒரு யார் வேணும். றொக்சனிடம் நன்றாக ஓடுகிற ஒரு பெடியன் இருந்தான். அவன் றொக்சனுக்குப் பக்கத்தில், தலைக்கவசத்தோடு நின்றான். றொக்சன் உதைக்கச் சொன்னான். தோற்றார்கள். சுற்றிவரச் சனம் பிரெஞ்சில் ஊளையிட்டது. செபமாலை அண்ணை கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, எனக்கும் சொல்லாமல் பஸ் எடுக்கப் போனார்.

ஞாயிறு குசினியில் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். மஞ்சள் கிளிப்பை எடுத்தார், தொங்கலுக்குப் போனார், எட்டாம் இடத்தில் கொளுவினார். அந்த நேரம்தான் பின்கதவு திறந்தது. றொக்சன். முதல் நாள் பின்னேரம் முழுக்கத் தகப்பன் போன் எடுக்கவில்லை என்று பியர்பொன்ட்ஸிலிருந்து ஓடி வந்திருக்கிறான். அவன் கயிற்றைத்தான் முதலில் பார்த்தான்.

“ஏன் உதைச்சனி?” என்றார் தகப்பன்.

“சொல்லமாட்டன் அப்பா.”

“ஓடக்கூடிய பெடியன் பக்கத்தில நிண்டவன்.”

“ஓம், நிண்டவன். தலையில அடி. ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான், தாய்க்குத் தெரியும். சனத்துக்குத் தெரியக்கூடாதெண்டு கேட்டவன். பாருங்கோ, கடைசியில உங்களுக்குச் சொல்லிப்போட்டன். அவர் சொல்லேல்லை.”

“ஆர் சொல்லேல்லை?”

றொக்சன் சுற்றிவரப் பார்த்தான். “குடைக்காரன்ர கிளிப் எங்க?”

நான் சீனிப் பையைக் காட்டினேன்.

“அண்டைக்கு, அந்த அரையிறுதியில, எனக்கும் தலையில அடி. ரெண்டு பந்து தெரிஞ்சது அப்பா,” என்றான். “நிக்கேலாமல் தலை சுத்தினது. அப்பாவுக்குத் தெரிஞ்சால் விளையாட்டை நிப்பாட்டிப் போடுவார், சொல்லாதேங்கோ எண்டு குடைக்காரனிட்ட அழுதனான். எனக்குப் பதினெட்டு வயசு, என்ர விருப்பமில்லாமல் தான் சொல்ல ஏலாதெண்டு சொன்னவர். தொப்பியைக் கழட்டாமல் எனக்குப் பக்கத்தில நில், சனம் என்னையே ஏசட்டும் எண்டவர். ஆட்டம் முடிஞ்சு தன்ர காரிலதான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நான் அவற்ற காருக்குள்ள சத்தி எடுத்தனான். உங்களுக்குப் பெடியளோட சாப்பிடப் போனதெண்டு பொய் சொன்னனான். நீங்கள் அவரைக் கடைசியில கொளுவின நேரமெல்லாம் நான் இதில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். சொல்ல வெக்கமா இருந்தது. பேந்து, பேந்து எண்டு விட்டுட்டன்.”

செபமாலை அண்ணை சீனிப் பையைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த மனுசன் இப்ப எங்க?”

“செத்து நாலு வருசம்.”

அவர் சீனிப் பையிடம் போனார். கிளிப்பைக் கழற்றினார், பை சரிந்து சீனி முழுக்க நிலத்தில் கொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. சீனி ஒட்டியபடியே அந்தக் கிளிப்பைக் கொண்டுபோய்க் கயிற்றின் முதல் இடத்தில் கொளுவினார். பிறகு மற்றத் தொங்கலுக்கு நடந்து, மஞ்சள் கிளிப்பில் கை வைத்தார், மேலே கொண்டுவருவதற்கு.

றொக்சன் அந்தக் கையைப் பிடித்தான்.

“விடுங்கோ அப்பா. அவர் ஏழு வருசம் நிண்ட இடம்தானே. அதிலயே நிக்கிறன்.”

தகப்பன் கதிரையில் என் ஈரத் துணிகளுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் அவரைக் கோழை எண்டனான்,” என்றார். இன்னும் இரண்டு தரம் அதையே சொன்னார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். சண்முகலிங்கம் அட்டவணையை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜெராட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கத்தினவர்களில் நாங்களும் இருந்தோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அந்தக் கயிற்றில் ஒருவரும் கை வைக்கவில்லை.

நான் அடுப்படிக்குப் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். சீனி எல்லாம் நிலத்தில் கிடந்தது. வெறும் தேத்தண்ணியைத்தான் குடித்தார்.