ஞானேஸ்வரியின் செமிபாட்டுத் தூள்

கேத்திலைத் தூக்குமுன் ஞானேஸ்வரி ஆளின் வயிற்றைத்தான் பார்ப்பார். பிறகு முகத்தை. "இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?" இதற்குப் பதில் சொல்லாமல், ஓமந்தை பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலுள்ள அந்தத் தகரக் கொட்டிலில் எவருக்கும் ஒரு மிடறு தேநீர் கிடைக்காது. பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தாலும் கிடைக்காது.

கொத்துரொட்டி என்றால் வேர்க்கொம்புச் சுக்கும் ஓமமும். பலாக்காய்க் கறி என்றால் பெருஞ்சீரகம் கொஞ்சம் தூக்கலாக. ஒன்றுமே சாப்பிடவில்லை என்பவருக்கு மல்லித் தண்ணீரும் நல்ல ஏச்சும். பொய் சொல்லித் தப்ப முடியாது. ஒருநாள் நான் இடியப்பம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஏப்பம் வந்துவிட்டது. "இடியப்பத்துக்கு உப்பிடி வராது. உள்ளதைச் சொல்லுங்கோ" என்றார். ஆட்டுக்கறியை ஒப்புக்கொண்டேன்.

சரக்குப் போத்தல்கள் எதிலும் பெயர் ஒட்டியிருக்காது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் எடுப்பார். தடிமன் பிடித்து மூக்கடைத்தால் அன்று கடை பூட்டு. ஆனால் தன் கைப்பக்குவத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்ள மாட்டார். "மூண்டு நாளா நோகுதெண்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. என்னட்ட இருக்கிறது வெறும் தண்ணி."

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் தூள் வவுனியாவில் ஒரு கடைத் தட்டில் இருக்கவேண்டும். அங்கே புதிதாகக் கடை திறந்த சாருஜன் போன மாசியில் தேடி வந்தார்.

"எல்லாருக்கும் ஒத்துவாற மாதிரி ஒரே கலவை, அக்கா. இருநூறு பைக்கற். சரிவந்தால் மாதா மாதம் எடுக்கிறன்."

எல்லா வயிற்றுக்கும் ஒரே கலவை என்பதை அவரால் லேசில் விழுங்க முடியவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு கிழமை வறுத்தார், இடித்தார், மெழுகுதிரிச் சுவாலையில் பைகளின் வாயை ஒட்டினார். முகம் தெரியாதவர்களிடம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்க முடியாது, சரி. வெறும் தூளை மட்டும் எப்படிக் கொடுத்து அனுப்புவது? அவர் பழக்கத்தில், பனங்கட்டியில் ஒரு கடி, தேநீரில் ஒரு மிடறு. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டு பனங்கட்டியைப் போட்டுவிட்டார்.

பைகளைக் கொண்டுபோன பத்தாம் நாள் சாருஜன் பெட்டியோடு திரும்பி வந்தபோது நானும் கொட்டிலில் இருந்தேன். பனங்கட்டி கசிந்து, இருநூறு பைகளிலும் தூள் களிமண்போலக் கட்டிபட்டுக் கிடந்தது.

"ஆரக்கா உங்களைப் பனங்கட்டி போடச் சொன்னது?"

"கடிக்க ஒண்டும் இல்லாமல் என்னெண்டு தம்பி குடிக்கிறது?"

"சனத்தின்ர வீட்டில இருக்கும்தானே."

"இருக்கும். எடுக்க மறந்துபோச்சினமெண்டால்?"

சாருஜன் கதிரையில் உட்கார்ந்து தலையைத் தடவினார். சிரிப்பதா கோபிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. "இன்னொருக்காச் செய்து தாங்கோ. தூள் மட்டும். ஒரு துண்டு பனங்கட்டி கண்டாலும் நான் எடுக்கமாட்டன்."

"ஓம் தம்பி" என்ற குரலில் சுரத்தே இல்லை. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அடுத்த கிழமை போனேன். புதிய பைகள் தயாராக இருந்தன. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூள் மட்டும்தான். வீதியோரம் வானை நிறுத்திவிட்டு, சாருஜன் பெட்டியை மூடக் காத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நேரம் போகுது."

"இந்தா, இன்னும் கொஞ்சம்தான்."

அடுப்பில் கேத்தில் கொதித்து வழிந்தது. ஞானேஸ்வரி நிமிரவில்லை. நீலப் பேனையைப் பிடித்து, மிச்சமிருந்த பைகளின் லேபிளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்: "பனங்கட்டியைக் கடிச்சுக் கடிச்சுக் குடியுங்கோ. மறந்திடாதேங்கோ."