கழுவாமல் விட்ட பெனல்

கொழும்பு வெள்ளவத்தை இராசரத்தினத்தைப் போலக் கணக்குப் பார்க்கிற மனுசனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கறிவேப்பிலை வாங்கவும் இரண்டு கடை ஏறி இறங்குவார். காலம் முழுக்கக் கந்தோரில் மற்றவர்களின் வரவு செலவைச் சரிபார்த்தவர் அல்லவா! அப்படிப்பட்டவரிடம் போய் ரொறன்ரோவிலிருக்கும் மகன் பிரியந்தன், "அப்பா, கூரையிலை சோலர் போடுவம், பன்னிரண்டு லட்சம் வரும்" என்றபோது மனுசன் துள்ளிக் குதித்தார்.

"உனக்கென்ன விசரோ? பன்னிரண்டு லட்சத்தை வெயிலிலை காயப் போடச் சொல்லுறியோ?"

பாதிக் காசை மகன் அனுப்பினான். மீதிக்கு இவர் நிரந்தர வைப்பை உடைத்தார். அதற்குமுன் கரண்ட் பில், மிச்சக் கரண்டை விற்றால் யூனிட்டுக்குக் கிடைக்கிற காசு, வங்கி வட்டி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஏழு வருஷத்தில் முதல் திரும்பும் என்று கண்டபிறகுதான் கையெழுத்து வைத்தார். முதல் மாதமே பில் கட்டுவதற்குப் பதிலாக வங்கியில் காசு விழுந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

வீட்டுக்குள் சொல்லத்தான் ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஞாயிறு தோறும் போனில் ஒரு கும்பிடு படம் அனுப்புவான், அவ்வளவுதான். இவர் அழைத்தால், "அப்பா, மீற்றிங்கிலை நிக்கிறன்" என்பான். கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற வீறாப்பில் இவரும் அழைப்பதை விட்டுவிட்டார். ஆனால் மகனின் குரலுக்கு மனம் கிடந்து ஏங்கும்.

ஒரு நாள் பின்னேரம் போன் அடித்தது. பிரியந்தன்!

"அப்பா, சோலர் பெனல் ஊத்தையாக் கிடக்கோ? இங்கை என்ரை போனிலை பார்க்கிறன், கரண்ட் குறைவாக் காட்டுது."

கடற்கரைப் பக்கத்து வீடு. உப்புக்காற்றும் காகங்களும் சேர்ந்து பெனல்களை நாறடித்திருந்தன. அதில் தொடங்கிய கதை, முழங்கால் வலி, மீன் விலை, பேத்தி சாருஜா நீச்சல் பழகுவது என்று அரை மணித்தியாலம் ஓடியது. வைத்தபிறகும் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அதுவரை இடைக்கிடை தானே கழுவி வந்தவர், அதோடு பெனல் கழுவுவதை நிறுத்திவிட்டார். சதம் சதமாய்ப் பார்த்த மனுசன், வருமானம் சரியச் சரியப் பேசாமல் இருந்தார் என்றால் நம்புவீர்களா? குறையக் குறைய மகன் அழைத்தான். மகன் அழைக்க அழைக்க இவருக்குச் சோறு இறங்கியது.

பிரியந்தன் பொறுப்பான பிள்ளை. அங்கேதான் வந்தது வினை. "நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் அப்பா" என்று அங்கிருந்தே காசு கட்டி, மாதம் ஒருமுறை கழுவ ஆள் ஒழுங்கு செய்துவிட்டான். கொட்டாஞ்சேனையிலிருந்து நோபேட் வந்தார். நல்ல வேலைக்காரர், ஒரு பொட்டு அழுக்கு மிஞ்சவில்லை. காசு பழையபடி விழுந்தது. போன்தான் அடிக்கவே இல்லை.

அடுத்தமுறை நோபேட் ஏணியில் கால் வைத்தபோது இராசரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நடுவிலை உள்ளதைக் கழுவ வேண்டாம்."

"அங்கிள், ஒண்ண விட்டா அது மத்ததுட கரண்டையும் இழுத்துப் போடும். காசு குறையுமே!"

"குறையட்டும்."

நோபேட் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சொன்னபடியே செய்தார்.

இரண்டொரு நாளில் போன் அடித்தது. ஆசையோடு எடுத்தார்.

"அப்பா, அந்த ஆள் எங்களை ஏமாத்துறான். கொம்பனிக்குச் சொல்லி ஆளை நிப்பாட்டப் போறன்!"

இராசரத்தினத்துக்குத் திக்கென்றது. தன் ஆசைக்கு இன்னொருவன் வயிற்றில் அடிப்பதா?

"அவர் நல்லாத்தான் கழுவினவர். நான்தான் ஒண்டை விடச் சொன்னனான்."

"ஏனப்பா?"

"அப்பதான் நீ கோல் எடுப்பாய்."

மகன் போனை வைத்துவிட்டானோ என்று பயந்து, "தம்பி?" என்றார்.

"நிக்கிறன் அப்பா. சொல்லுங்கோ, மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

இராசரத்தினம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.