முதல் எண் பக்கத்துக்கு

நாற்பத்து நாலு வயதில் சாதாரணதரப் பரீட்சைக்குக் கணிதம் படிக்க வருபவரிடம் எரிந்து விழக்கூடாது. எனக்கும் தெரியும். ஆனாலும் ஆன்சலாக்காவிடம் நான் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன் என்று, புதுக்குடியிருப்பில் என் ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்து வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். கணிதம் சித்தியடைந்தால்தான் நிரந்தர நியமனம், அதுவும் நாற்பத்தைந்து வயதுக்குள். நான்கு தரம் எழுதிக் கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி.

"வாசலிலையே நிக்கிற மாதிரி இருக்கு ரீச்சர். உள்ளுக்கும் எடுக்கினமில்லை, போகவும் சொல்லினமில்லை" என்பார்.

மற்றக் கணக்குகளை ஒருமாதிரி ஒப்பேற்றிவிடுவார். வரைபுதான் காலை வாரும். அந்த ஒரு கேள்வி சரிவந்தால் தப்பிவிடுவார். ஆனால் (2, 5) என்றால், மேலே இரண்டு போய்ப் பக்கத்துக்கு ஐந்து வைப்பார். நிமிர்ந்து நிற்கவேண்டிய வளைகோடு பாயில் சரிந்து படுத்திருக்கும்.

"அக்கா, முதல் எண் பக்கத்துக்கு! எக்ஸ் அச்சு! எத்தனை தரம் சொல்லுறது?"

"ஓம் ரீச்சர், ஓம்." அடுத்த புள்ளியிலும் அதே கூத்து.

ஒருநாள் பின்னேரம் வகுப்பு நடுவில் அவருடைய கைபேசி அடித்தது. கடலிலிருந்து அவர் கணவர் மெல்ரொன்.

"பதினாலு பாகம். கோயிலுக்குத் தெற்காலை மூண்டு மைல்" என்றது குரல்.

பாகம் என்பது ஆழம். ஆழம் கூடக்கூடக் கரையிலிருந்து தூரம். அக்கா வரைபுத்தாளின் மூலையில் கரைக்கு ஒரு கோடு கீறி, அதில் கோயிலைக் குறித்து, அங்கிருந்து மேலே பதினான்கு எண்ணி, பக்கத்துக்கு மூன்று நகர்ந்து புள்ளி வைத்தார்.

"இது என்னத்துக்கு அக்கா?"

"வலை போட்ட இடம். வள்ளத்துக்கு ஏதும் நடந்தா, தேடிப் போறவைக்குச் சொல்ல வேணுமே. கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான்தான் குறிக்கிறன்."

ஐயோ! இவ்வளவு நாளும் இந்த மனிசியையா மண்டையில் ஒன்றும் ஏறாதவர் என்று நினைத்தேன்? வெட்கமாகப் போயிற்று.

"அக்கா, சோதினைத் தாளிலை மட்டும் முதல் கரையாலை நடவுங்கோ. பிறகு கடலுக்கை இறங்குங்கோ."

அதன்பிறகு இரண்டு கிழமை, கீறிய வரைபெல்லாம் சரி. எனக்கு அவரைவிடப் புளுகம், மகிழ்ச்சி தாளவில்லை.

பரீட்சையன்று வாசலில் காத்து நின்றேன். எல்லோருக்கும் கடைசியாக வந்தார்.

"வரைபு வந்ததா அக்கா?"

"வந்தது. கரையாலை நடந்துதான் இறங்கினன். வளைகோடு வடிவா நிமிர்ந்து நிண்டுது, ரீச்சர்."

சந்தோசத்தில் கையைப் பிடித்தேன். அவர் நிமிரவேயில்லை.

"பிறகு நேரம் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தன். சோதினையிலை எனக்கு ஒருநாளும் சரிவந்ததில்லையே. இந்தமுறை மட்டும் எப்பிடிச் சரிவரும் எண்டு பயந்துபோனன்."

"அதுக்கு?"

"அழிச்சுப்போட்டு, மாத்திக் கீறினன்."